தட்டில் இருப்பது என்னவென்று தட்டருகே எழுதிவைக்கலாமே

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் இப்பகுதியில் கடிதம் எழுதியிருந்த வாசகர் ஒருவர், உணவங்காடி நிலையங்களிலுள்ள சீன உணவுக் கடைகளில் எதில் என்ன கலந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது என்றும், ஆகவே தமிழர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்றும் கூறியிருந்தார். அவருடைய கவலை நியாயமானது. அவர் சொல்லும் தீர்வை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிங்கப்பூரின் தோ பாயோவில் குடியிருந்து, வாரத்தில் இரண்டு நாளாவது உணவங்காடியில் சாப்பிடுகிறவள் நான். எல்லாக் கடைகளையும் இழுத்துப் பேசினால் பேச்சு எங்கெங்கோ போய்விடும் என்பதால், எனக்கு நன்கு பழக்கமான ஙோ ஹியாங் கடையை மட்டும் எடுத்துக்கொண்டு மறுமொழி சொல்கிறேன்.

சாப்பிட்டறியாத வாசகர்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். ஹொக்கியன் மொழியில் ஙோ என்றால் ஐந்து, ஹியாங் என்றால் நறுமணம். சீனாவின் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து இங்கு வந்து குடியேறியவர்கள் தங்களோடு கொண்டுவந்த பண்டம் இது. கொத்திய பன்றி இறைச்சியோடு இறால், வெங்காயம், முட்டை, கொஞ்சம் மாவு, வாட்டர் செஸ்நட் என்று சந்தையில் விற்கும் மொறுமொறுப்பான நீர்க்கிழங்கு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, ஐந்து மசாலாத் தூளும் வெள்ளை மிளகும் தூவி, சோயாத் தோலில் வைத்துச் சுருட்டுவார்கள். பாலைக் காய்ச்சினால் மேலே ஏடு படிகிறதல்லவா, அதேபோல் சோயாப் பாலைச் சூடாக்கும்போதும் ஓர் ஏடு படியும்; அதைத் தூக்கி உலர்த்தி எடுப்பதுதான் அந்தத் தோல். அது உப்புக் கரிக்கும் என்பதால் சுருட்டுவதற்கு முன்பு ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும் என்று, சீனப் புத்தாண்டுக்கு வீட்டிலேயே இதைச் செய்யும் என் பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்வார். சுருட்டியதை ஆவியில் வேகவைத்து, நன்றாக ஆறிய பிறகு பொரித்தெடுப்பார்கள். நாம் கடைக்குப் போய்க் கேட்கும்போது, ஏற்கெனவே பொரித்துவைத்ததை இன்னொரு முறை கொதிக்கும் எண்ணெயில் போட்டு எடுத்துக் கொடுப்பார்கள். அந்த இரண்டாவது பொரிப்பில்தான் தோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அப்பளம்போல் நொறுங்கும் பக்குவத்துக்கு வருகிறது.

இந்தக் கடையில் உணவுப் பட்டியலைப் பார்த்துச் சொல்லி வாங்கும் வழக்கம் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு தட்டுகள் இருக்கும். வேண்டியதைக் கையால் காட்டவேண்டும், அல்லது இடுக்கியால் நாமே எடுத்து ஒரு தட்டில் வைத்துக் கொடுக்கவேண்டும். இறைச்சிச் சுருள், ஈரல் கலந்த சுருள், மேலே முழு இறால் பதித்த வட்டமான இறால் வடை, ஓரம் மட்டும் இளஞ்சிவப்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருக்கும் குவான் சியாங் என்னும் சுருள், மீன் உருண்டை, தவ்குவா என்னும் கெட்டிச் சோயாக் கட்டி, கறுப்புக் கண்ணாடிபோல் மின்னும் பதப்படுத்திய முட்டை என்று வரிசையாக இருக்கும். கடைக்காரர் எண்ணிப் பார்த்து, பொரித்து, துண்டு துண்டாக வெட்டி, வெள்ளரிக்காய்ச் சீவலோடு தருவார். வேண்டுமென்றால் பீஹூன் என்னும் அரிசிச் சேமியாவும் சேர்த்துக்கொள்ளலாம். தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சாறு ஒரு கிண்ணத்திலும், கஞ்சிபோல் கெட்டியாக இருக்கும் இளஞ்சிவப்பு இனிப்புச் சாறு இன்னொரு கிண்ணத்திலும் வரும். எதை எடுத்தாலும் விலை ஏறக்குறைய ஒன்றுதான் என்று நினைத்து எட்டு வகையை அள்ளிவிட்டுக் காசு கொடுக்கும்போது திடுக்கிட்ட அனுபவமும் எனக்கு உண்டு என்றாலும், அது என்னுடைய பேராசைக்குக் கிடைத்த தண்டனை. அதைப் பற்றி இங்கு முறையிடவில்லை.

என் முறையீடு வேறு. அந்தப் பத்துப் பன்னிரண்டில் பாதிக்கு மேல் ஒரே தோலில் சுருட்டி, ஒரே எண்ணெயில் பொரித்து, ஒரே பழுப்பு நிறத்தில் இருப்பவை. வெட்டிப் பார்த்தால் ஒழிய உள்ளே இருப்பது என்னவென்று யாராலும் சொல்ல முடியாது. எந்தத் தட்டுக்கு அருகிலும் பெயர் கிடையாது. கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டிய கடையில், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பண்டங்களை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் குறை.

இதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். கும்பகோணத்திலிருந்து என் அண்ணி சில மாதங்களுக்கு முன்பு வந்திருந்தார். ஆடு, கோழி, மீன், இறால் எல்லாம் சாப்பிடுவார். மாடும் பன்றியும் தொடமாட்டார். ஒரு சனிக்கிழமை மாலை உணவங்காடிக்கு அழைத்துப் போனேன். அந்தக் கடையைத் தாண்டும்போது, "என்னம்மா இது, இங்கே வந்து பிரியாணி வாசம் அடிக்குது?" என்று நின்றுவிட்டார். அவர் மூக்கு பொய் சொல்லவில்லை. ஐந்து மசாலாவில் வழக்கமாகச் சேர்வன அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு, சிச்சுவான் மிளகு ஆகியவை. நாக்கை மரத்துப்போகச் செய்யும் அந்தக் கடைசி மிளகைத் தவிர மற்ற நான்கும் நம் சமையலறையில் இருப்பவைதான். அன்னாசிப்பூவோ தென்சீனத்திலும் வியட்நாமிலும் விளைந்து நம் பிரியாணிக்கு வந்து சேர்ந்த பொருள். சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் அண்ணிக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. நான் இறால் வடை இரண்டை எடுத்துவைத்துவிட்டு, பக்கத்திலிருந்த சுருளைக் காட்டி, அதில் இறாலா என்று கடைக்கார மூதாட்டியிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தலையை ஆட்டி, "பிரான், பிரான்" என்றார். நம்பி வாங்கினேன்.

அண்ணி இரண்டு துண்டு சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று மூன்றாவதையும் இனிப்புச் சாற்றில் தோய்த்தபோதுதான் நான் ஒரு துண்டை வாயில் போட்டேன். அதில் இறாலும் இருந்தது, பன்றி இறைச்சியும் இருந்தது. மூதாட்டி பொய் சொன்னார் என்று எப்படிச் சொல்வது? இறால் இருக்கிறதா என்றேன், இருக்கிறது என்றார். வேறு என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த பத்து ஆங்கிலச் சொற்களில் அதற்கு விடை கிடைத்திருக்குமா என்பது சந்தேகந்தான். நான் அண்ணியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார், தேநீரைக் குடித்தார், வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. படுக்கப் போகும்போது, "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

இரண்டாவது நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. என் மகனுடைய நண்பன் ஒருவனுக்கு இறால் ஒவ்வாது. சீனப் பையன், பன்றி இறைச்சி தாராளமாகச் சாப்பிடுவான். இறால் வடையை ஒதுக்கிவிட்டு இறைச்சிச் சுருளை மட்டும் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறான். சுருளுக்குள் கொத்திய இறால் இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. உதடு வீங்கிவிட்டது, பையில் மருந்து வைத்திருந்ததால் அதோடு போயிற்று. ஆகவே இதை இந்துக்களின் பிரச்சினை, முஸ்லிம்களின் பிரச்சினை, தமிழர்களின் பிரச்சினை என்று பிரித்துப் பேசுவது சரியில்லை. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் மட்டுமே உண்ணும் சீனர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. போதாக்குறைக்கு, சீனச் சைவக் கடைகளில் இறைச்சியே இல்லாமல் சோயாவை வைத்துச் செய்யும் ஙோ ஹியாங்கும், பன்றிக்குப் பதிலாகக் கோழி இறைச்சி வைத்து ஹலால் முறையில் செய்யும் ஙோ ஹியாங்கும் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான்.

கடையின் பெயர்ப்பலகையில் ஙோ ஹியாங் என்று எழுதியிருந்தால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். போதாது. மலேசியாவின் பினாங்குக்குப் போனால் இதன் உறவான பண்டத்துக்கு லோர் பாக் என்று பெயர். அங்கே இறைச்சியைக் கொத்தாமல் நீளவாக்கில் நறுக்கி மசாலாவில் ஊறவைத்துச் சுருட்டுவார்கள், தொட்டுக்கொள்ள முட்டை கலந்த கெட்டிச் சாறு தருவார்கள். பிலிப்பீன்ஸில் கிக்கியாம் என்ற பெயரில் விற்கிறார்கள். அதே நாட்டின் செபு தீவில் ஙோஹியோங் என்று பெயர் ஏறக்குறைய அப்படியே இருக்க, உள்ளே இருப்பது வேறாகிவிட்டது. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு கலவை மாறும் பண்டம் இது. அதன் அழகே அதுதான். ஆனால் பெயரைப் படித்து உள்ளே இருப்பதை ஊகிக்க முடியாது.

இதே சுருளைப் பேரங்காடியின் உறைபெட்டியிலிருந்து எடுத்தால் நிலைமை வேறு. பொட்டலமிட்டு விற்கும் உணவில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று அச்சிட வேண்டும். ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய குறிப்பிட்ட பொருள்கள் இருந்தால் அவற்றையும் தெரிவிக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. இறால், முட்டை, சோயா, கோதுமை ஆகிய நான்குமே அந்தப் பட்டியலில் அடங்கும். ஒரு சாதாரண ஙோ ஹியாங்கில் இந்த நான்கும் சேர்ந்தே இருக்க வாய்ப்புண்டு. பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டால் அந்தத் தகவல் காற்றோடு போய்விடுகிறது. பானங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 2022 டிசம்பர் 30 முதல், பொட்டலத்தில் வரும் பானங்களில் சர்க்கரையோ நிறைவுற்ற கொழுப்போ அதிகமிருந்தால் அதற்குரிய தரக்குறியை மேலேயே போட்டிருக்க வேண்டும். நான் குடிக்கும் சோயாப் பால் புட்டியைத் திருப்பிப் பார்த்தால் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது. அந்தச் சோயாப் பாலின் ஏட்டுக்குள் ஒளிந்திருப்பது ஆடா மாடா பன்றியா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாப்பிட்ட தட்டை நாமே திருப்பிவைக்க வேண்டும் என்பது உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் 1 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது நினைவிருக்கும். தட்டு வைக்கும் இடத்தில் ஹலால் தட்டுக்கு ஒரு பக்கம், ஹலால் அல்லாத தட்டுக்கு மறுபக்கம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். அது மிகவும் தேவையான ஏற்பாடு. குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று மாலை அண்ணியின் தட்டைக் கொண்டுபோய் ஹலால் அல்லாத பக்கத்தில் வைத்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: தட்டு காலியான பிறகு அதில் என்ன இருந்தது என்பதில் இவ்வளவு கவனம் காட்டுகிறோம், தட்டில் உணவு இருக்கும்போது ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை.

நம்மவர்களின் கடைகளிலும் இதே நிலைதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் இந்திய ரோஜாக் கடையும் ஙோ ஹியாங் கடையும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். அங்கும் பொரித்த பண்டங்களைத் தட்டுகளில் அடுக்கிவைத்திருப்பார்கள். அங்கும் நாம் கைகாட்டவேண்டும். அவர்களும் மறுபடி பொரித்து, வெட்டி, வெள்ளரிக்காயும் சிவந்த இனிப்புக் காரச் சாறும் சேர்த்துத் தருவார்கள். யார் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று ஆராய எனக்கு அறிவு போதாது. அங்கே எனக்குப் பெயர் எழுதிய அட்டை தேவைப்படுவதில்லை, "பாய், இதுல தேங்காய் வடை எது, இறால் வடை எது?" என்று கேட்டால் விடை வந்துவிடும். எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் சீன மாதுக்கு அந்த வசதி இல்லை. அவர் கையைக் காட்டுவார், கடைக்காரர் தலையை ஆட்டுவார், நான் ஙோ ஹியாங் கடையில் பட்ட பாட்டை அவர் அங்கே படுவார்.

சென்ற வார வாசகரின் யோசனைப்படி ஒவ்வோர் இனத்தாரும் தத்தம் கடையோடு நின்றுகொண்டால் இந்தச் சிக்கலே வராது என்பது உண்மைதான். ஆனால் 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் நம் உணவங்காடிக் கலாசாரம் இடம்பெற்றபோது, பல இனத்தார் ஒன்றுகூடி உண்ணும் இடம் என்பதைத்தானே பெருமையாகச் சொல்லிக்கொண்டோம்? தெருவோரத்தில் விற்றுக்கொண்டிருந்தவர்களை 1970களிலும் 1980களிலும் கூரைக்குக் கீழே, ஒரே வரிசையில், பக்கத்துப் பக்கத்துக் கடையாகக் கொண்டுவந்து வைத்த பயனும் அதுதான். தெருவில் தனித்தனியாக விற்றபோது வாடிக்கையாளர்களும் பெரும்பாலும் அந்தந்த இனத்தாராகவே இருந்திருப்பார்கள். சுருளுக்குள் இருப்பது என்னவென்று அவர்களுக்குச் சொல்ல வேண்டிய தேவை இருந்திருக்காது. மேசை பொதுவாகிவிட்ட பிறகும் அந்தப் பழைய வழக்கத்தையே வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கடைக்காரர்கள் பக்கத்தையும் நான் கேட்டேன். அண்ணி ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள், கூட்டம் இல்லாத மூன்று மணிவாக்கில் போய், ஒரு சிறுவனை மொழிபெயர்க்கச் சொல்லி அந்த மூதாட்டியிடம் பேசினேன். அவர் கோபப்படவில்லை, கண்ணாடியைக் காட்டினார். அதில் கியூஆர் குறியீடு, உரிமச் சான்று, திறக்கும் நேரம், விடுமுறை அறிவிப்பு என்று ஏற்கெனவே இடமில்லாமல் ஒட்டியிருந்தது. எழுதுவதற்கு யார் இருக்கிறார்கள், எந்த மொழியில் எழுதுவது, எழுதினால் எண்ணெய்ப் புகையில் எத்தனை நாள் இருக்கும் என்று மூன்று கேள்விகள் கேட்டார். விடியற்காலையில் எழுந்து சுருட்டி, பகல் முழுவதும் வாணலியின் முன்னால் நிற்கிற எழுபது வயதுப் பெண்மணியிடம், நீங்கள்தான் அட்டை தயாரிக்கவேண்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்த வேலையை அவர் தலையில் கட்டக் கூடாது என்பதே என் கருத்து.

உணவங்காடி நிலையங்களை நிர்வகிப்போரும் கடைக்காரர் சங்கங்களும் சேர்ந்து படம் போட்ட சிறு அட்டைகளை மொத்தமாக அச்சிட்டுக் கொடுத்தால் மூதாட்டியின் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். பன்றிக்கு ஒரு படம், இறாலுக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, முட்டைக்கு ஒன்று. ஈரல் என்றால் அதற்கும் ஒன்று. தட்டின் விளிம்பில் செருகிவைக்கும்படி, துடைத்தால் எண்ணெய் போகும் பிளாஸ்டிக்கில் இருந்தால் நல்லது. கடைக்காரர் காலையில் தட்டை அடுக்கும்போது அதற்குரிய படங்களைச் செருகிவிடலாம். அட்டையில் தமிழ் இருக்கவேண்டும் என்று நான் அடம்பிடிக்க மாட்டேன். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் எழுதி நகத்தளவு எழுத்தில் அச்சிடுவதைவிட, மூக்குக்கண்ணாடி இல்லாமலே தெரிகிற ஒரு பன்றிப் படம் மேலானது. அளவு, கலோரி, மசாலாவின் பெயர்கள் எதுவும் வேண்டாம். அவற்றையும் சேர்க்கப் போனால் காரியம் கெட்டு, கடைக்காரர்கள் சலித்துப்போய் அட்டையைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். சட்டம் போட்டு அபராதம் விதிக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஒரு நிலையத்தில் ஆறு மாதம் செய்து பார்க்கட்டும்.

படங்களோடு ஒரு வரி மட்டும் கண்ணாடியில் கட்டாயம் இருக்க வேண்டும்: எல்லாப் பண்டங்களும் ஒரே எண்ணெயில் பொரிக்கப்படுகின்றன என்பதே அது. தவ்குவாவுக்கு அருகில் எந்தப் படமும் இல்லாததைப் பார்த்து, அது சைவம் என்று நினைத்து வாங்குபவர் ஏமாறக் கூடாது. ஈரல் சுருள் வெளியே வந்த அதே வாணலியில்தான் அடுத்த நொடி தவ்குவா விழுகிறது. இறால் ஒவ்வாதவருக்கும் இந்த ஒரு வரி படங்களைவிட முக்கியமானது. அதைப் படித்த பிறகு வாங்குவதும் வாங்காமல் நகர்வதும் அவரவர் விருப்பம்.

அண்ணி அடுத்த தை மாதம் மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடையில் மேலே முழு இறால் பதித்த வட்ட வடை ஒன்றை மட்டுமே அவருக்கு அடையாளம் காட்ட முடியும் என்று நினைத்திருந்தேன். மாவுக்குள் என்ன கலந்திருக்கிறது என்று யோசிக்கும்போது அதையும் உறுதியாகச் சொல்ல வரவில்லை. அவர் வருவதற்குள் யாராவது ஓர் அட்டையைச் செருகிவைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
தோ பாயோ, சிங்கப்பூர்